லொறி ஓட்டப் போகும் எங்கள் பிள்ளைகள்: முதல் கொம்பனியைத் தெரிவு செய்வது எப்படி?



எண்பதுகளில் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த எங்கள் தலைமுறை, வீட்டு வேலை, முதியோரைப் பார்க்கும் வேலை, சமையலறை வேலை என்று கிடைத்ததைச் செய்து பிள்ளைகளை வளர்த்தெடுத்தது. அந்தப் பிள்ளைகள் இன்று இத்தாலிய மொழியில் படித்து, எங்களுக்குக் கிடைக்காத தொழில்களுக்குள் கால் வைக்கிறார்கள். அவற்றில் ஒன்று பாரவூர்தி ஓட்டும் தொழில். பொலிதேயாமாவிலிருந்து வியா எமெரிகோ அமாரி வழியாகக் கீழே இறங்கினால் துறைமுகம். அங்கே கப்பலுக்குக் காத்து நிற்கும் லொறிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதில் ஏறி அமர ஆசைப்படுவது இயல்புதான். ஐரோப்பா எங்கும் சாரதிகளுக்குத் தட்டுப்பாடு இருக்கின்றபடியால் வேலையும் கிடைக்கிறது.

ஆனால் வேலை கிடைப்பது வேறு, நல்ல இடத்தில் தொடங்குவது வேறு. ஊரில் ஒரு பிள்ளை முதலில் கிளீனராக லொறியில் ஏறும். பல வருடம் சாரதிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகிய பிறகுதான் ஸ்டியரிங் கையில் வரும். இங்கே அப்படி இல்லை. பரீட்சை பாஸ் பண்ணிய அடுத்த கிழமையே நாற்பது தொன் வாகனத்தைத் தனியே கொடுத்து அனுப்பும் முதலாளிமாரும் இருக்கிறார்கள். ஆகவே முதல் ஒன்றிரண்டு வருடம் எந்தக் கொம்பனியில் வேலை செய்கிறோம் என்பதுதான் அந்தப் பிள்ளையின் பழக்கத்தையும், அனுமதிப்பத்திரத்தையும், சில வேளை உயிரையும் தீர்மானிக்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

முதலில் கையில் இருக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 3.5 தொன்னுக்கு மேற்பட்ட வாகனத்துக்குப் பத்தென்தே சீ வேண்டும். பின்னால் பெரிய இழுவைப்பெட்டி கொழுவுவதற்கு சீ-ஏ வேண்டும். இவற்றை வைத்துச் சம்பளத்துக்கு ஓட்டுவதற்கு, சீ-கூ-சீ என்று எல்லோரும் சொல்லும் தொழில்முறைத் தகுதி அட்டை வேண்டும். சரக்கு வாகனங்களுக்கு இது இத்தாலியில் 2009 செப்டெம்பரிலிருந்து கட்டாயம். 18 வயதிலேயே ஓட்ட விரும்பினால் 280 மணி நேரப் பயிற்சி. 21 வயது ஆனவர்களுக்கு 140 மணி நேர விரைவுப் பயிற்சி போதும். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை 35 மணி நேர வகுப்புக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். நான்காவது, தக்கிகிராபோவில் போடும் சாரதி அட்டை. இதை வழங்குவது கமெரா தி கொமெர்ச்சியோ. அதன் அலுவலகம் நான் சொன்ன வியா எமெரிகோ அமாரியிலேயே இருக்கிறது.

இந்த அட்டையைக் கொம்பனியில் கொடுத்து வைக்கச் சொன்னால் கொடுக்கக் கூடாது. அது உங்கள் பெயரில் உள்ள அட்டை. உங்கள் பெயரில் வேறொருவர் ஓட்டினால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

சரி, இனி கொம்பனிக்கு வருவோம். எங்கள் வீடுகளில் பிள்ளை வேலைக்குப் போகப் போகிறது என்றால் முதற் கேள்வி, "மாதம் எவ்வளவு குடுப்பினம்?" என்பதுதான். ஊர்க்கடன், சீட்டுக்காசு, வீட்டு வாடகை எல்லாம் எங்கள் தலையில் இருப்பதால் அப்படிக் கேட்கிறோம். அதில் குற்றம் காண முடியாது. ஆனால் லொறி வேலையில் அந்தக் கேள்வி நான்காவதாகத்தான் வர வேண்டும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று இருக்கின்றன.

முதலாவது கேள்வி: என்ன வேலை, எந்தப் பாதை?

பலெர்மோவில் புதுச் சாரதிக்குக் கிடைக்கக்கூடிய வேலைகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, பகல் வேலை. துறைமுகத்தில் சாரதி இல்லாமல் கப்பலில் வந்திறங்கும் இழுவைப்பெட்டிகளைக் கொழுவி கரினி, தெர்மினி இமெரேசெ போன்ற இடங்களுக்குக் கொண்டுபோவது, அல்லது கடைகளுக்கும் சுப்பர்மார்க்கெட்டுகளுக்கும் சாமான் இறக்குவது. இதில் இரவில் வீட்டுக்கு வரலாம். பின்னுக்கு எடுத்து ஒடுங்கிய இடத்தில் நிறுத்தும் பழக்கம் தினமும் பல தடவை கிடைக்கும். இரண்டாவது, கப்பலில் லொறியுடன் நாப்போலிக்கோ ஜெனோவாவுக்கோ போய் அங்கிருந்து ஓடுவது. மூன்றாவது, மெசினா நீரிணையைத் தாண்டி முழுப் பாதையும் தரை வழியாக வட இத்தாலிக்கும் அதற்கு அப்பாலும் போவது. விற்றோரியா பக்கத்துத் தக்காளி, மரக்கறி போன்றவை குளிரூட்டி லொறிகளில் இப்படித்தான் போகின்றன. சந்தை விடியற்காலையில் திறக்கும், சரக்கோ பழுதாகும் சரக்கு. எனவே நெருக்குதல் அதிகம் உள்ள வேலை இதுதான்.

புதிதாகத் தொடங்குபவர் முதல் வகையில் ஆரம்பிப்பது நல்லது என்பது எனது கருத்து. மாதச் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஆனால் வாகனத்தின் நீள அகலம் உடம்பில் பதிவதற்கு அந்த வேலையைப் போல வேறொன்றில்லை. எந்த வகையானாலும் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "எத்தனை கிழமைக்கு அனுபவமுள்ள சாரதி ஒருவர் என்னோடு கூட வருவார்?" இதை இத்தாலியர் அஃபியாங்கமெந்தோ என்பார்கள். "அதெல்லாம் தேவையில்லை, நீ கெட்டிக்காரன்" என்று முதுகில் தட்டினால், அந்த இடத்தைப் பற்றி இன்னொரு தடவை யோசியுங்கள்.

இரண்டாவது கேள்வி: எத்தனை மணிக்கு ஏற்றி எத்தனை மணிக்கு இறக்க வேண்டும்?

ஒரு கொம்பனியை எடைபோட இதைவிட நல்ல தராசு இல்லை. ஐரோப்பியச் சட்டமான 2006ஆம் ஆண்டின் 561ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி ஒரு நாளில் 9 மணி நேரம் ஓட்டலாம். கிழமையில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் ஓட்டலாம். நாலரை மணி நேரம் ஓடினால் 45 நிமிட இடைவேளை. நாளாந்த ஓய்வு 11 மணி நேரம், குறைத்தால் 9 மணி நேரம். ஒரு கிழமையில் 56 மணி நேரத்துக்கும், இரண்டு கிழமையும் சேர்த்து 90 மணி நேரத்துக்கும் மேல் ஓட்டக்கூடாது.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். பலெர்மோவிலிருந்து மிலானோவுக்குத் தரை வழி ஏறக்குறைய 1,450 கிலோமீற்றர். பெரிய லொறிக்கு அவுத்தோஸ்திராதாவில் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீற்றர். சராசரியாக 70 ஓடினாலும் ஓட்டம் மட்டுமே ஏறத்தாழ 21 மணி நேரம் வரும். முதலாளி சொல்கிறார்: "திங்கள் பின்னேரம் ஆறு மணிக்கு ஏற்றி, புதன் விடிய ஐந்து மணிக்கு மிலானோவில் நிற்க வேண்டும்." மொத்தம் 35 மணி நேரம் இருக்கிறதே, தாராளம் என்று புதியவர் நினைப்பார். ஆனால் தனிச் சாரதிக்குச் சட்டம் அனுமதிப்பது, அந்தக் கிழமையின் இரண்டு 10 மணி நேர ஓட்டங்களையும் பாவித்தால்கூட 20 மணி நேரம்தான். நடுவே 9 மணி நேர ஓய்வு, நான்கு தடவை 45 நிமிட இடைவேளை, மெசினாவில் கப்பலுக்குக் காத்திருக்கும் நேரம். வழியில் ஒரு விபத்தோ வீதி வேலையோ இருந்தால் அதுவும் சேரும். கணக்கு முட்டாது. முட்டாத கணக்கை முட்ட வைப்பதற்கு ஒரே வழி, தக்கிகிராபோவை ஏமாற்றுவது. காந்தம் வைப்பது, அட்டையைக் கழற்றிவிட்டு ஓடுவது, இன்னொருவர் அட்டையைப் போடுவது என்று அதற்குப் பல வழிகள் இருக்கின்றன.

அப்படி அகப்பட்டால் பெரும் அபராதத்தோடு 10 புள்ளிகள் போகும். 15 நாள் தொடக்கம் மூன்று மாதம் வரை அனுமதிப்பத்திரம் நிறுத்தப்படும். 2024 டிசெம்பர் 31இலிருந்து கடந்த 56 நாட்களின் பதிவுகளைச் சாரதி வீதிச் சோதனையில் காட்ட வேண்டும். முன்பு அது 28 நாளாக இருந்தது. ஆகவே "போன மாதம் செய்தது யாருக்குத் தெரியும்?" என்று இருக்க முடியாது. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. 2016இல் இத்தாலி கொண்டுவந்த சட்டத்தின்படி வீதி விதியை மீறி ஒருவரின் மரணத்துக்குக் காரணமானால் இரண்டு தொடக்கம் ஏழு வருடச் சிறை. நித்திரை தூங்கிய சாரதிதான் முதலில் கூண்டில் நிற்பார். தொலைபேசியில் "கெதியா வா" என்று அவசரப்படுத்தியவரின் குரல் அங்கே கேட்காது.

கப்பல் வேலை என்றால் இன்னுமொன்றைக் கேளுங்கள். நாப்போலிக் கப்பல் இரவு முழுக்க ஓடும். ஜெனோவாக் கப்பல் சுமார் 20 மணி நேரம். படுக்கை கிடைத்தால் அந்த நேரம் ஓய்வாகக் கணக்கில் வரும். கபினுக்குக் கொம்பனி பணம் கட்டுகிறதா, அல்லது கதிரையில் இருந்து விடிய வேண்டுமா? அதேபோல், 45 மணி நேர வார ஓய்வை லொறிக்குள் எடுப்பது 2020 ஓகஸ்ட் 20இலிருந்து ஐரோப்பா முழுவதும் தடை. தங்குமிடச் செலவு கொம்பனியினுடையது. கிலோமீற்றருக்கு இவ்வளவு, நடைக்கு இவ்வளவு என்று வேகத்தைத் தூண்டி வீதியில் ஆபத்தை உண்டாக்கும் கொடுப்பனவுகளையும் அதே ஒழுங்குவிதி தடை செய்கிறது.

மூன்றாவது கேள்வி: ஒப்பந்தம் யாருடைய பெயரில்?

லொறியில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று, ஒப்பந்தத்தில் உள்ள பெயர் இன்னொன்று என்றால் கவனம். சில இடங்களில் நடுவே ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் வரும். அது இரண்டு வருடத்தில் மூடப்பட்டு வேறு பெயரில் திறக்கும். உழைத்த காசு யாரிடம் கேட்பது என்று தெரியாது. சில இடங்களில் வேறு நாட்டு முகவர் கொம்பனி ஒன்றின் ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். சிசிலியாவில் வாழ்ந்து, சிசிலியாவிலிருந்து ஓடும் உங்களுக்கு அந்த நாட்டுச் சம்பளமும் அந்த நாட்டு ஓய்வூதியமும் எதற்கு? இன்னும் சிலர், "பர்த்தீத்தா ஈவா திற, நீயே முதலாளி" என்பார்கள். சொந்த லொறியும், போக்குவரத்தாளர் பதிவேடான அல்போவில் பதிவும் இல்லாத ஒருவர் முதலாளி ஆக முடியாது. விடுமுறையும் நோய்க்காசும் இல்லாத தொழிலாளி ஆகத்தான் முடியும். கனடாவிலும் லொறிச் சாரதிகளைத் தனிக் கொம்பனி பதியச் சொல்லி இதே வித்தையைச் செய்கிறார்கள் என்பதை அங்குள்ள உறவினரிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஒழுங்கான கொம்பனி கொடுப்பது, சரக்குப் போக்குவரத்துத் துறையின் தேசியக் கூட்டு ஒப்பந்தப்படியான வேலை. அது 2024 டிசெம்பரில் புதுப்பிக்கப்பட்டது, 2027 முடியும் வரை செல்லும். அதில் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் பதினான்காம் மாதச் சம்பளமும் உண்டு. வேலை தொடங்கும் நாளுக்கு முதல் நாளே உங்களை வேலைக்கு எடுத்ததாக முதலாளி அரசுக்கு அறிவித்திருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். "முதல் இரண்டு கிழமை சும்மா ஓடிப்பார், பிறகு எழுதுவம்" என்பவரிடம் லொறித் திறப்பை வாங்க வேண்டாம்.

இப்போது நான்காவது கேள்வி, சம்பளம்.

இரண்டு கொம்பனிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மாதம் 2,400 யூரோ கைக்குத் தரும். மற்றது 2,000 யூரோ தரும். எதைத் தெரிவு செய்வீர்கள்? பதில் சொல்ல முன் இரண்டு புஸ்தா பாகாவையும் மேசையில் விரித்துப் பார்க்க வேண்டும்.

த்ரஸ்ஃபெர்தா என்றொரு வரி அதில் இருக்கும். வேலை ஊருக்கு வெளியே போன நாட்களுக்கான படி. இத்தாலிக்குள் நாளொன்றுக்கு 46.48 யூரோ வரையும், வெளிநாட்டில் 77.47 யூரோ வரையும் இதற்கு வரியும் இல்லை, ஓய்வூதியப் பங்களிப்பும் இல்லை. உண்மையாக வெளியே போய்ச் சாப்பிட்டு வந்த நாளுக்குக் கொடுத்தால் அது சட்டப்படி சரியானதே. ஆனால் மேலதிக மணி நேரத்துக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தைக் கொடுக்காமல், அதை த்ரஸ்ஃபெர்தா என்று எழுதிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. மாதம் 22 நாளுக்கு 46.48 என்றால் 1,022 யூரோவுக்கு மேல் வரும். கையில் காசு கூடத் தெரியும். ஆனால் அந்த ஆயிரம் யூரோ பதின்மூன்றாம், பதினான்காம் மாதச் சம்பளத்தில் சேராது. வேலை போனால் கிடைக்கும் நாஸ்பியில் சேராது. நோய்க்காசில் சேராது. ஓய்வூதியத்திலும் சேராது. சம்பளமாக எழுதியிருந்தால் அந்த வருட 12,000 யூரோவுக்கு 33 வீதம், அதாவது 3,960 யூரோ இன்ப்ஸில் பிள்ளையின் பெயரில் ஓய்வூதியத்துக்குச் சேர்ந்திருக்கும். 12,000ஐ 13.5ஆல் பிரித்தால் வரும் ஏறத்தாழ 889 யூரோ, வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் தெ-எஃபெ-எரெயில் வருடாவருடம் சேர்ந்திருக்கும்.

அகதிகளாக வந்த எங்கள் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஊரிலிருந்து மனைவியையோ கணவனையோ கூப்பிட, நீண்டகாலச் சொஜோர்னோ எடுக்க, குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, எல்லாவற்றுக்கும் வருமானம் காட்ட வேண்டும். குடியுரிமைக்கு மூன்று வருட வருமானம் பார்க்கிறார்கள். அங்கே பார்க்கப்படுவது வரிக்குரிய வருமானம். கையில் 2,400 வாங்கியவர் கடதாசியில் மிகச் சிறிய தொகை காட்டுபவராக நிற்பார். வாயால் சொல்லி அலுவலகத்தில் விளங்கப்படுத்த முடியாது.

இத்தாலியக் குடியுரிமையோ நீண்டகால ஐரோப்பியச் சொஜோர்னோவோ இல்லாதவர்கள் எல்லை தாண்டிய ஓட்டத்துக்குப் போக முன் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குச் சாரதிச் சான்று என்ற ஒரு பத்திரம் தேவை. அதற்கு விண்ணப்பித்து எடுத்து, லொறியில் வைக்கத் தருவது கொம்பனியின் கடமை. "தேவையில்லை, யாரும் கேட்கமாட்டார்கள்" என்றால், எல்லையில் கேட்கும்போது நிற்கப் போவது நீங்கள்.

இனி, ஒரு கொம்பனியை எப்படி விசாரிப்பது?

அல்போவில் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கலாம். எத்தனை வருடமாக நடக்கிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதைக் கமெரா தி கொமெர்ச்சியோவின் விசூராவில் காணலாம். லொறிகள் நிற்கும் முற்றத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். தேய்ந்த ரயர், உடைந்த விளக்கு, கயிற்றால் கட்டிய கதவு இவையெல்லாம் முதலாளியின் மனதைச் சொல்லும். அங்குள்ள சாரதிகளிடம் இரண்டே இரண்டு கேளுங்கள்: சம்பளம் எத்தனையாம் திகதி வருகிறது? லொறியில் கீறல் விழுந்தால் என்ன நடக்கும்? புதுச் சாரதியின் கையால் கண்ணாடி உடைவதும் மூலை இடிபடுவதும் நடக்கக்கூடியவை. அதற்கு முதலாளி எழுத்தில் குற்றம் சாட்டி, பதில் சொல்ல ஐந்து நாள் தந்த பிறகுதான் தண்டனை நடவடிக்கைக்குப் போகலாம் என்பது 1970ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். கேட்காமல் கொள்ளாமல் மாதாமாதம் 200, 300 என்று வெட்டும் இடத்தில் புதியவர் பிழைக்க முடியாது.

சில கொம்பனிகள் சீ-கூ-சீ செலவைத் தாங்களே கட்டி, இத்தனை வருடம் நிற்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கும். அது கெட்டதென்று சொல்லமாட்டேன். ஆனால் எத்தனை வருடம், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், அது வருடாவருடம் குறையுமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட முன் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பத்ரொனாத்தோவிலோ தொழிற்சங்கத்திலோ காட்டுங்கள். பில்த்-சிஜிஎல், பித்-சிஸ்ல், ஊயில்த்ரஸ்போர்த்தி ஆகிய மூன்றும் இத்துறைச் சங்கங்கள். கேட்டுப் பார்ப்பதால் வேலை போகாது.

வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் பயப்படவும் வேண்டாம், போடவும் வேண்டாம். 2016 மார்ச்சிலிருந்து வேலை விலகலை இணையம் மூலம்தான் அறிவிக்க முடியும். 2018 ஜூலையிலிருந்து சம்பளத்தைக் கைக்காசாகக் கொடுப்பதும் தடை. வேலை தொடங்கிச் சில மாதங்களில் இன்ப்ஸ் கணக்கைத் திறந்து, பங்களிப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் இடைக்கிடை பாருங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஆட்களில் பலர் தெரிந்தவர் ஒருவரின் சொல்லை நம்பித்தான் வேலைக்குப் போகிறோம். "நான் சொல்லிச் சேர்த்தனான், என்ர முகத்தைக் கெடுக்காதை" என்ற ஒரு வசனத்துக்காகக் கெட்ட இடத்தில் வருடக்கணக்காக நின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். தெரிந்தவர் வேலை எடுத்துத் தந்தால் நன்றி சொல்லுவோம். ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கலாப்ரியா மலைப்பாதையில் கண் சொருகும்போது அந்தத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கமாட்டார். பிள்ளை தொலைபேசியில், "அம்மா, எனக்கு நித்திரை வருது, நிற்பாட்டப் போறன், சாமான் பிந்தும்" என்று சொன்னால், "நிற்பாட்டு ராசா" என்று சொல்லுங்கள். "வேலை போயிடுமே" என்று சொல்லாதீர்கள். இந்த ஊரில் அந்த வேலை போனால் வேறு லொறி கிடைக்கும்.

தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் சொல்வது இதுதான். ஆம், பெண் பிள்ளைகளும் இந்தத் தொழிலுக்கு வரலாம். முதல் கொம்பனியில் சம்பளத்தோடு சேர்த்து நீங்கள் எடுத்துக்கொண்டு போகப் போவது இரண்டு: சுத்தமான அனுமதிப்பத்திரம், ஒழுங்கான பழக்கம். இந்த இரண்டும் கையில் இருந்தால் இரண்டு வருடத்தின் பின் கொம்பனிகள் உங்களைத் தேடி வரும். அப்போது சம்பளத்தை நீங்கள் பேசலாம்.